இன்ஜினை மாற்றினால் போதுமா?

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் கடலூர் துறைமுகத்தில் ஏலக் கூச்சல் அடங்கி, சுத்தியல் சத்தம் எழும். ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையேறும், பலகை இடுக்குகளை அடைப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், கிழிந்த மடி வலையைத் தைப்பார்கள். சிதம்பரம் பக்கம் அன்னங்கோயிலிலும் முடசலோடையிலும் இதே வேலைதான். படகு உரிமையாளர் தம் வாழ்நாளின் பெரிய செலவுகளில் ஒன்றை முடிவு செய்வதும் பெரும்பாலும் இந்த இரண்டு மாதத்துக்குள்தான்: பழைய இன்ஜினையே ஓவர்ஹால் செய்து ஓட்டுவதா, அதைத் தூக்கிவிட்டு எச்.பி. கூடிய இன்ஜினை இறக்குவதா?

அந்தப் பேச்சில் காதில் விழுவதெல்லாம் எச்.பி. கணக்குதான். அவர் 180 வைத்தார், இவர் 240 வைத்தார், நாகப்பட்டினத்தில் அதற்கும் மேலே போய்விட்டார்கள். இன்ஜினுக்கும் கடல் தண்ணீருக்கும் நடுவில் கியர் பாக்ஸ், சாஃப்ட், ப்ரொப்பல்லர் என்று மூன்று பொருள்கள் இருக்கின்றன. படகு எப்படி ஓடும், எவ்வளவு குடிக்கும் என்பதை இன்ஜினைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை அவை. லட்சக்கணக்கில் இன்ஜினுக்குக் கொடுப்பவர், அவற்றை மட்டும் பழையபடியே விட்டுவிடுகிறார்.

இந்த நடுப் பொருள்களின் முக்கியத்துவத்தை உணர ஓர் உதாரணம் பார்ப்போம். ஆட்டோமேட்டிக் கார்களில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வர்ட்டர், உண்மையில் கப்பலுக்காகப் பிறந்தது. அன்றைய ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில் வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுற்றும். ப்ரொப்பல்லரோ மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளும். இரண்டையும் திரவத்தின் வழியே இணைத்து, வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுவதே அவர் கண்ட வழி. கடலில் பிறந்த இந்தக் கருவி பிறகு கரையேறி, 1948-ல் ப்யூக் காரின் டைனாஃப்ளோ கியரில் பெரும் எண்ணிக்கையில் விற்பனைக்கு வந்தது. இன்று கடலூர் மாவட்டத்தில் அதைப் பார்க்க வேண்டுமானால் ஊருக்கு ஊர் குளம் வெட்டும் ஜேசிபி வண்டிகளில் பார்க்கலாம்.

பந்தயக் கார்களைத் தயார் செய்பவர்கள் இந்தக் கன்வர்ட்டரைத் தனியே வாங்கி மாற்றுவார்கள். கார் நின்றபடி இருக்க, இன்ஜின் எத்தனை சுற்று வரை ஏற முடியும் என்பதுதான் அவர்கள் பார்க்கும் முதல் எண். அதற்கு ஸ்டால் வேகம் என்று பெயர். சாதாரணக் காரில் அது நிமிடத்துக்கு 2,000 சுற்றையொட்டி இருக்கும். குறுந்தூரப் பந்தயக் காரில் 4,000-ஐயும் தாண்டும். எண் கூடினால் காரின் பாய்ச்சல் கூடும். அதே காரைச் சாலையில் ஓட்டினால் கன்வர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும், எண்ணெய் கொதிக்கும், பெட்ரோல் கரையும். அதனால் அனுபவமுள்ளவர்கள் காரின் எடை, பின் அச்சின் விகிதம், இன்ஜின் எந்தச் சுற்றில் பலம் காட்டுகிறது ஆகிய மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் கன்வர்ட்டரைத் தேர்ந்தெடுப்பார்கள். இன்ஜினை மாற்றிவிட்டுக் கன்வர்ட்டரை மறந்தவரின் பணம் வீண் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். வங்கக் கடலில் மடி இழுப்பவர்களுக்கும் இந்தப் பாடம் எழுத்துக்கு எழுத்து பொருந்தும்.

இழுவைப்படகின் வேலை இரண்டு வகை. மடி இல்லாமல் மீன் இருக்கும் இடத்துக்கு 8 அல்லது 9 நாட் வேகத்தில் ஓட வேண்டும். போன இடத்தில் மடியை இறக்கி, மூன்று நாட் போல மெதுவாக, ஆனால் முழு பலத்தோடு இழுக்க வேண்டும். ஓட்டத்துக்கு ஏற்ற பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) வைத்த ப்ரொப்பல்லர், மடி இறங்கியதும் இன்ஜினை அமுக்கிவிடும்; சுற்று ஏறாது, புகைக்குழாயில் கரும்புகை கக்கும். இழுப்புக்கு ஏற்ற பிட்ச் வைத்தால், வெறும் ஓட்டத்தில் இன்ஜின் சுற்று எளிதில் உச்சத்தைத் தொட்டுவிடும், படகு அதற்குமேல் வேகம் எடுக்காது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேடிப் பிடிப்பதில்தான் தேர்வின் சூட்சுமம் இருக்கிறது. கரும்புகையைக் கண்டதும் ‘இன்ஜினுக்குப் பலம் போதவில்லை’ என்று முடிவு கட்டுவது இந்தக் கரையில் வழக்கமாகிவிட்டது. பல நேரங்களில் நோய் ப்ரொப்பல்லரில் இருக்கிறது.

இன்ஜின் மாற்றத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் இன்னொரு தவறு கியர் விகிதம். லாரி இன்ஜினைக் கடலுக்கு ஏற்ப மாற்றியவை நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தொடுபவை. 2:1 கியர் பாக்ஸ் வழியே போனால் ப்ரொப்பல்லர் ஆயிரம் சுற்று சுற்றும். அந்த வேகத்தில் சுற்ற அது சிறியதாக இருந்தாக வேண்டும். சிறிய ப்ரொப்பல்லர் வேகமாகச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீரை விசிறியடிக்கும். பெரியது மெதுவாகச் சுற்றி நிறையத் தண்ணீரைத் தள்ளும். மடி இழுக்க இரண்டாவதுதான் தேவை. அளவுக்கு மீறிய பலத்தைச் சின்ன இதழ்கள்மீது ஏற்றினால் அவற்றின் முதுகில் நீராவிக் குமிழிகள் உண்டாகி உடையும். சில மாதங்களில் வெண்கலத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழும். கரையேற்றிய படகின் அடியில் குனிந்து ப்ரொப்பல்லர் இதழை விரலால் தடவினாலே இது தெரிந்துவிடும். தடைக்காலத்தில் ஒவ்வொரு உரிமையாளரும் தவறாமல் செய்ய வேண்டிய சோதனை இது.

‘அப்படியானால் 4:1 கியரும் பெரிய ப்ரொப்பல்லரும் வைத்துவிடலாமே’ என்றால், இங்கேதான் ஊரின் மண் குறுக்கே வருகிறது. வெள்ளாற்று முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடித் தூர்ந்துபோகும். அன்னங்கோயிலிலிருந்து வெளியேறும் படகு ஆழமில்லாத வாயைத் தாண்டியாக வேண்டும். விட்டம் கூடிய ப்ரொப்பல்லர் தரைதட்டும். கடலூர் துறைமுகத்துக்குச் சரியான தேர்வு முடசலோடைக்குத் தவறாகிவிடலாம். வேறு ஊரில் ஓடியதைப் பார்த்து அதே செட்டை வாங்கி வருபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பைபர் படகுக்காரர்கள் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் பெருகிய அந்தப் படகுகளில், நீண்ட தண்டின் நுனியில் சிறு ப்ரொப்பல்லர் இருக்கும். ஆழம் குறைந்தால் தண்டையே தூக்கிவிடலாம். பத்து எச்.பி.யை ஒட்டிய இன்ஜினை வைத்துக்கொண்டு, இடத்துக்கேற்ற கருவியைத் தேர்ந்தவர்கள் அவர்கள்.

பெரிய இன்ஜினின் நன்மைகளை மறைப்பது நியாயமில்லை. வாடைக்காற்றும் நீரோட்டமும் எதிர்த்து வரும்போது கையிருப்புப் பலம் உயிரைக் காக்கும். முழு மூச்சில் ஓடும் சிறிய இன்ஜினைவிட, முக்கால் மூச்சில் ஓடும் பெரிய இன்ஜின் நீடித்து உழைக்கும். முதலில் கரைசேர்ந்த படகின் மீனுக்கு ஏலத்தில் நல்ல விலை. பழுதாகி நிற்கும் இன்னொரு படகை இழுத்து வரவும் பலம் வேண்டும். ஆழ்கடலுக்குப் போகச் சொல்லி அரசே ஊக்குவிக்கும் காலத்தில், பலம் கேட்பவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல முடியாது.

கணக்கு மட்டும் வேறு கதை சொல்கிறது. நீர்க்கோட்டில் 15 மீட்டர் நீளமுள்ள, தண்ணீரை விலக்கி ஓடும் படகுக்கு இயல்பான உச்ச வேகம் 9.4 நாட் அளவில் இருக்கும். அதற்குமேல் தான் எழுப்பும் அலையிலேயே படகு ஏற வேண்டியிருக்கும். அந்த எல்லைக்குள்ளும் தேவைப்படும் பலம் வேகத்தின் மும்மடிப்படி ஏறும். 8 நாட்டிலிருந்து 9-க்குப் போக 42 சதவீதம் கூடுதல் பலம் வேண்டும். 30 கடல்மைல் தூரத்தை 8 நாட்டில் கடக்க மூன்றே முக்கால் மணி நேரம். 9 நாட்டில் மூன்று மணி இருபது நிமிடம். மிச்சமாவது 25 நிமிடம், அந்த ஓட்டத்தில் கூடுவது கால்பங்குக்கும் மேற்பட்ட டீசல். ஏலத்தில் அந்த 25 நிமிடத்துக்குக் கிடைக்கும் விலை இதை ஈடுகட்டுமா என்று ஒருமுறையாவது எழுதிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

240 எச்.பி. டீசல் இன்ஜின் முழுச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 45 லிட்டர் குடிக்கும், 350 எச்.பி. ஏறக்குறைய 65 லிட்டர். தமிழ்நாட்டில் விசைப்படகுக்கு விற்பனை வரி விலக்குடன் கிடைக்கும் டீசலின் அளவு, 2023-ல் அறிவித்த உயர்வின்படி ஆண்டுக்கு 19,000 லிட்டர். முழுச் சுமையில் வைத்துப் பார்த்தால் முதல் இன்ஜினுக்கு அது 422 மணி நேரம் வரும், இரண்டாவதற்கு 292 மணி நேரம். எந்தப் படகும் நாள் முழுக்க உச்சத்தில் ஓடாது என்றாலும், இரண்டும் தத்தம் பலத்தில் ஒரே பங்கைப் பயன்படுத்தினால் விகிதம் பெரிதாக மாறாது. மீதி டீசல் முழு விலைக்கு. கூடவே முறுக்குவிசை கூடியதால் சாஃப்ட் தடிப்பாக வேண்டும், இன்ஜின் உட்காரும் கட்டை பலப்பட வேண்டும், மரப்படகானால் அதிர்வில் பலகை இணைப்புகள் வாய் திறக்கும். விலைப்பட்டியலில் இவை எதுவும் வருவதில்லை.

சட்டத்தின் பக்கமும் குறை இருக்கிறது. தமிழ்நாட்டு விதிகள் விசைப்படகுக்கு 24 மீட்டர் நீளம், 240 எச்.பி. என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. வரம்பு தேவைதான். பலம் கூடக் கூடப் பெரிய மடி, பெரிய மடிக்கு அதிக மீன், பக்கத்தில் வலை விரித்த பைபர் படகுக்காரருக்கு அறுந்த வலை. மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலையை ஒட்டிக் கடலூர்க் கரை ஊர்களுக்குள் மூண்ட பகையை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் எச்.பி. தகட்டை மட்டும் பார்க்கும் விதி, படகின் உண்மையான இழுவிசையைப் பார்ப்பதில்லை. 1930-களில் ஜெர்மானியர் லுட்விக் கோர்ட் வடிவமைத்த வளையத்தை ப்ரொப்பல்லரைச் சுற்றிப் பொருத்தினால், மடி இழுக்கும் வேகத்தில் இழுவிசை ஏறத்தாழ கால்பங்கு கூடும், எச்.பி. ஒன்றுகூட ஏறாது. சரியான கியரோடும் வளையத்தோடும் ஓடும் 240, பொருந்தாத செட்டோடு திணறும் 300-ஐ இழுவையில் மிஞ்சக்கூடும். விதி இரண்டாவதைப் பிடிக்கும், முதலாவதைக் கண்டுகொள்ளாது.

சில நேரங்களில் சட்டமே பந்தயத்தைத் தூண்டியும் விடுகிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த இடைக்கால உத்தரவு, சுருக்குமடிப் படகுகள் 12 கடல்மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணிக்குமேல் கிளம்பி மாலை 6 மணிக்குள் திரும்ப வேண்டும் என்றது. 8 நாட் ஓடும் படகுக்குப் பத்து மணி நேரத்தில் மூன்று மணி நேரம் போக்குவரத்திலேயே போய்விடும். 12 நாட் ஓடினால் இரண்டு மணி நேரம். நேரத்தைப் பூட்டினால் வேகத்துக்கு விலை ஏறும். கடலைக் காக்கும் நோக்கம் சரி. ஆனால் இப்படிப்பட்ட உத்தரவு, சொல்லாமலேயே எச்.பி.யைக் கூட்டத் தூண்டுகிறது.

இதைச் சீராக்கும் அறிவு தொலைதூரத்தில் இல்லை. கொச்சியில் 1957-ல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், எரிபொருள் சிக்கனத்துக்காகவே வடிவமைத்த ‘சாகர் ஹரிதா’ படகை 2016-ல் கடலில் இறக்கியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலம் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் புலம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றுக் கரையிலேயே இருக்கிறது. முகத்துவார ஆழம், படகின் நீளம், இன்ஜின் சுற்று ஆகியவற்றைக் கொடுத்தால் கியர் விகிதமும் ப்ரொப்பல்லர் அளவும் சொல்லும் ஓர் எளிய தமிழ் அட்டவணையை இந்த இரு புலங்களும் சேர்ந்து இந்தக் கரைக்கென்று தயாரிக்க வேண்டும். தடைக்காலத்தில் படகுகளை ஆய்வு செய்யும் மீன்வளத் துறை, தன் படிவத்தில் ப்ரொப்பல்லரின் விட்டம், பிட்ச், கியர் விகிதம் என்று மூன்று கட்டங்களைச் சேர்க்கலாம். விட்டமும் பிட்சும் படகு கரையில் நிற்கும்போதே அளந்துவிடக்கூடியவை. இன்ஜின் தகட்டைப் போல மாற்றி ஒட்ட முடியாதவை.

உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடைக்காலத்தில் இன்ஜின் விற்க வருபவரிடம் எச்.பி.யைக் கேட்பதற்கு முன், உங்கள் படகுக்கு எந்தக் கியர் விகிதம், எத்தனை அங்குல ப்ரொப்பல்லர் என்று எழுதி வாங்குங்கள். இன்ஜினை இறக்கிய பிறகு, மடி தண்ணீரில் இருக்கும்போது அது குறித்த சுற்றைத் தொடுகிறதா என்று கடலில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.