யார் அந்தப் ‘பயனர்’?

பாடாலூரில் ஏ.டி.எம். வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். யாராவது ஒரு பாட்டி அட்டையை நீட்டி, “தம்பி, ஐந்நூறு எடுத்துக் குடு” என்பார். நாம் கேட்குமுன்பே ரகசிய எண்ணையும் சொல்லிவிடுவார். எனக்கே பலமுறை நேர்ந்திருக்கிறது. அந்த எந்திரம் தன் முன்னால் நிற்க வேண்டிய ஆளை ஏற்கனவே தீர்மானித்து வைத்திருக்கிறது: எழுத்து தெரிந்தவர், தனியாக வருபவர், யாரையும் நம்பாதவர். பாட்டி இம்மூன்றையும் மறுக்கிறார். அட்டை அவருடையது, வாசிப்பு என்னுடையது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு ‘பயனர்’. இதை அறியாமை என்று ஒதுக்குவது சுலபம். அந்த எந்திரம் யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்று கேட்பதே அரசியல்.

இக்கேள்வியைத் தொழிலாகவே கொண்ட ஒரு துறை உண்டு: பயனர் அனுபவ வடிவமைப்பு. டொனால்ட் நார்மன் 1993ல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது இப்பெயரைத் தன் பதவியிலேயே வைத்துக்கொண்டார். 1988ல் வந்த அவரது நூல் கதவு, அடுப்பு போன்ற அன்றாடப் பொருள்களை எடுத்துக்கொண்டு, தவறு நேர்ந்தால் பழியை ஆள்மீது போடாதீர்கள், வடிவமைப்பைப் பாருங்கள் என்று வாதிட்டது. நம்மவர்களும் உடன்படக்கூடிய வாதம்தான்.

இத்துறையின் குழு இப்படி இயங்குகிறது. ஆய்வாளர் ஆட்களைச் சந்தித்து, அவர்கள் வேலை செய்வதைக் கூடவே இருந்து பார்க்கிறார். இன்னொருவர் எந்தத் திரைக்குப் பின் எது என்று ஒழுங்குபடுத்தி வெறும் கோடுகளால் வரைகிறார். பொத்தானில் என்ன சொல் என்பதற்கு ஒருவர், நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் ஒருவர். பிறகு ஒரு மாதிரியைச் சிலர் கையில் கொடுத்து, உதவி செய்யாமல், எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனிக்கிறார்கள். திருத்துகிறார்கள், மறுபடி கொடுக்கிறார்கள். சிறிய குழுவில் இவ்வளவையும் ஒருவரே செய்வதும் உண்டு. நிரல் எழுதுபவர்கள் இன்னொரு பக்கம். எதை எப்போது வெளியிடுவது என்பதில் கடைசிச் சொல் பெரும்பாலும் மேலாளருடையது. அவருக்குப் பின்னால் முதலீடு.

ஒரு சுற்றுக்கு ஐந்து பேரிடம் சோதித்தால் போதும், குறைகளில் பெரும்பாலானவை தெரிந்துவிடும் என்று யாக்கோப் நீல்சன் 2000ல் எழுதினார். கணக்கு சரியாக இருக்கலாம். அந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பது யார்? அவர்களால் எந்தப் பொத்தான் என்று சொல்ல முடியும். இந்த எந்திரமே வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். 2021ல் ஒன்றிய அரசு அறிமுகப்படுத்திய என்.எம்.எம்.எஸ். செயலி, 2023 ஜனவரி 1 முதல் ஏறத்தாழ எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. நாளுக்கு இரண்டு முறை, இடக்குறிப்போடு தொழிலாளர்களின் படம் ஏற வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். இதில் பயனர் யார்? செல்போனைப் பிடிப்பவர் பணித்தளப் பொறுப்பாளர். படத்தைப் பார்ப்பவர் தில்லியில் இருக்கிறார். ஏரிக்கரையில் மண்வெட்டியோடு நிற்கும் பெண் பயனரே அல்ல, படத்தின் பொருள். சிக்னல் கிடைக்காமல் படம் ஏறாவிட்டால் கூலி போவது என்னவோ அவருக்குத்தான். 2023 பிப்ரவரியில் தொழிலாளர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் இதற்கெதிராகப் போராட்டம் தொடங்கினார்கள். எந்த நிறுவனமும் கூட்டாத பயனர் சோதனை அது. 2025 ஜூலையில் அமைச்சகத்தின் சுற்றறிக்கையே சம்பந்தமில்லாத படங்கள், படத்தையே படமெடுத்து ஏற்றுதல் என்று குறைகளைப் பட்டியலிட்டது. சொன்ன பரிகாரம்? இன்னும் கூடுதல் சரிபார்ப்பு. பழி மறுபடியும் ஆள்மீது. நார்மன் சொன்னதற்கு நேர் எதிர்.

அதற்காகத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று ஒதுங்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 1970களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் கிறிஸ்டன் நிகார்ட் என்ற கணினி அறிஞரோடு சேர்ந்து, ஆலைக்குள் வரும் கம்ப்யூட்டரைத் தானே ஆராய்ந்தது. 1975ல் அங்கே தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் போட்ட ஒப்பந்தம், இதில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குத் தகவலும் பங்கும் கொடுத்தது. 1981ல் தொடங்கிய ‘உட்டோப்பியா’ திட்டத்தில் ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர்கள் அட்டைப்பெட்டியை வைத்து, இதுதான் பிரிண்டர் என்று பாவித்து, தங்கள் வேலை எப்படி மாற வேண்டும் என்று பேசினார்கள். அவர்கள் சோதிக்கப்படும் ஐந்து பேராக வரவில்லை. சங்கமாக வந்தார்கள். வித்தியாசம் அங்கேதான்.

நம் பக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மக்கள் பெயரால் துண்டறிக்கை அடிக்கிறோம்; அதை ஒருவர் கையில் கொடுத்து, எந்த வரியில் நிறுத்துகிறார் என்று எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? இந்தத் துறையிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தப் பொறுமையை. அதனிடம் கேட்க வேண்டியது இன்னொன்று: செயலி வருவதற்கு முன் சங்கத்தோடு பேச்சு, படம் ஏறாத நாளில் காகித வருகைப்பதிவே செல்லும் என்ற விதி, வேண்டாம் என்று சொல்லும் உரிமை. பாட்டி தன் ரகசிய எண்ணை என்னிடம் சொன்னபோது அவருக்கு இருந்த நம்பிக்கையை எந்தத் திரையும் வடிவமைக்கவில்லை. அதைக் காப்பாற்றுகிற பொறுப்பையாவது அட்டை கொடுத்தவர்கள் ஏற்கட்டும்.