ஈதர்நெட் கேபிள்
புதிய ரௌட்டரின் நவீன சங்கேதக் காப்பு முறையைப் புரிந்துகொள்ள இயலாமல், வைஃபை பட்டியலில் வீட்டின் இணைப்பு கண்ணெதிரே இருந்தும் அதில் பிரவேசிக்க முடியாமல் தவிக்கும் பழைய மடிக்கணினிக்கு, அதன் பக்கவாட்டில் வெகுகாலம் உபயோகமற்றுக் கிடந்த சிறு துவாரமே மார்க்கம் காட்டுகிறது என்பது எனக்குப் பரம திருப்தி தரும் விஷயம். ஈதர்நெட் கேபிளைச் செருகி, அதன் பிளாஸ்டிக் நாக்கு 'டக்' என்று பதிந்த சில வினாடிகளில், கடவுச்சொல் ஏதும் கேளாமலே இணைப்பு சித்தித்துவிடுகிறது.

1973-இல் கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் உதயமான முறை இது. இன்றைய கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. அந்த முறுக்கின் சூட்சுமத்தை வியக்காமல் இருக்க என்னால் இயலவில்லை. வெளியிலிருந்து பாயும் மின்காந்த இரைச்சல் ஜோடியின் இரு கம்பிகளையும் ஏறக்குறைய சமமாகவே தீண்டுவதால், அவற்றிடையேயுள்ள வித்தியாசத்தை மட்டும் வாசிக்கும் மறுமுனையில் அந்த இரைச்சல் தானாகவே அற்றுப்போகிறது.

இன்னொரு நயமும் உண்டு. விநாடிக்கு 1000 மெகாபிட் அனுப்பவல்ல ரௌட்டர், எதிரிலிருப்பது 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காது என்பதைச் சமிக்ஞைகளால் விசாரித்தறிந்து, பேரனின் கைபற்றி நடக்கும் தாத்தாவுக்காகப் பேரன் நடையைத் தளர்த்துவதுபோல், தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கடிதம் எழுதவும், பத்திரிகை படிக்கவும், திரைப்படம் பார்க்கவும் அந்த வேகம் தாராளம்.