வெள்ளை மாளிகையின் தேன் பீர்

தேன் சேர்த்த பீர் தித்திக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தித்திக்காது. தேனிலுள்ள குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் ஈஸ்ட் அநேகமாக முழுக்கத் தின்றுவிடும். மிஞ்சுவது பூவாசம். பீரும் கனம் குறைந்து, நாக்கில் ஒட்டாமல் லேசாக இறங்கும். தேன் பீர் காய்ச்சும் கைவேலையின் அழகே அந்த வாசம்தான் என்பேன்.

ஒபாமா காலத்தில் வெள்ளை மாளிகைச் சமையலறையிலேயே இப்படியொரு பீர் காய்ச்சினார்கள். தேன், தெற்குப் புல்வெளியில் வைத்திருந்த தேனீப் பெட்டியிலிருந்து வந்தது. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் விடாமல் கேட்டதால் 2012 செப்டம்பரில் செய்முறையை வெளியிட்டார்கள். 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அமெரிக்கர்களுக்கு வீட்டில் பீர் காய்ச்ச வழிவிட்டது.

அந்தச் செய்முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு பவுண்டு தேனைச் சேர்க்கும் நேரம். மால்ட் சாறும் ஹாப்ஸும் வெகுநேரம் கொதித்தபின், கடைசி ஐந்து நிமிடத்தில்தான் தேன் இறங்குகிறது. முன்னாலேயே ஊற்றினால் வாசமெல்லாம் ஆவியோடு போய்விடும். ஊற்றுவதிலும் பக்குவம் உண்டு. தேன் கனமானது, அடியில் போய்ப் படிந்தால் தீய்ந்துவிடும். அடுப்பைத் தணித்து, நூலாக விட்டு, அடிவரை துழாவ வேண்டும். அப்போது எழும் ஆவியில் மால்ட்டின் தானிய மணத்துக்கு மேலே தேன் மணம் தனியாகத் தெரியும்.

புளித்து அடங்கியதும் சிறிது சோளச் சர்க்கரை கலந்து புட்டியில் அடைக்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் நுரை கட்டிவிடும்.