படிப்ஸ் பொண்ணுக்குக் காதல் வந்தால்...

தமிழ் சினிமாவில் கதாநாயகி ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயர் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? ரொம்ப சுலபம். கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கும். டாக்டர் என்றால் ஸ்டெதாஸ்கோப். விஞ்ஞானி என்றால் மூக்குக் கண்ணாடி, கையில் கலர் தண்ணீர் ஊற்றிய குடுவை. அடுத்த ரீலில் கார்டு கழன்றுவிடும், கண்ணாடி கழன்றுவிடும், குடுவையை யார் கழுவி வைத்தார்கள் என்றே தெரியாது. அம்மணி ஏதோ ஒரு பனிமலையில் மெல்லிசான புடவையோடு ஆடிக்கொண்டிருப்பார். (சளி பிடிக்காதோ?)

காலேஜ் பாஷையில் 'படிப்ஸ்' என்று ஒரு வார்த்தை உண்டு. 'பழம்' என்றும் சொல்வார்கள். முதல் பெஞ்ச், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பரீட்சைக்கு அடிஷனல் ஷீட் வாங்குகிற பார்ட்டி. அப்படி ஒரு பெண்ணுக்குக் காதல் வந்தால்? காமெடிக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. மூளையில் ஆயிரம் ஃபார்முலா, ஆனால் எதிரே நிற்கிறவன் சிரித்தால் என்ன செய்வதென்று எந்தப் புத்தகத்திலும் இல்லை! வெளிநாட்டில் இதை வைத்தே கல்லா கட்டுகிறார்கள். 2021-ல் வந்த அலி ஹேஸல்வுட்டின் 'தி லவ் ஹைபாதிஸிஸ்' நாவலில் கதாநாயகி ஸ்டான்ஃபோர்டில் உயிரியல் ஆராய்ச்சி செய்கிற மாணவி. எழுதியவரும் நரம்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர்தான். புத்தகம் சக்கைப் போடு போட்டது.

நம்மூர் நிலவரம் என்ன? பார்த்துவிடலாம். நான் படித்தது பி.காம். எனக்கு ராக்கெட்டும் தெரியாது, ஜீனும் தெரியாது. ஆனால், எந்த ஐட்டம் வரவு, எந்த ஐட்டம் வெறும் பொம்மைக் கணக்கு என்று சொல்லத் தெரியும்.

கணக்குப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். கதாநாயகியின் சயின்ஸ் வேலையைப் பிடுங்கிவிட்டு, அவரை பேங்க் கிளார்க் ஆக்குங்கள். கதை மாறுகிறதா, இல்லையா?

2010-ல் வந்த 'விண்ணைத்தாண்டி வருவாயா' ஜெஸ்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.டி. கம்பெனி வேலை. பேங்க் கிளார்க் ஆக்கினால்? ஒரு சீன்கூட மாறாது. அதே ஆலப்புழா, அதே சர்ச், அதே நாம். (நாமும் அதே மாதிரி உருகியிருப்போம். அது வேறு விஷயம்.)

அதே வருஷம் 'எந்திரன்'. ஹீரோ வசீகரன் ரோபோவையே உருவாக்குகிற மேதை. கதாநாயகி சனா மெடிக்கல் மாணவி. அவருக்குப் பரீட்சையில் பிட் அடிக்க உதவுவது அந்த ரோபோ! டாக்டருக்குப் படிக்கிற பெண்ணுக்கு நம் திரைக்கதை கொடுத்த காமெடி, 'அவளுக்குப் பாடம் ஏறாது' என்பதுதான். பிரசவம்கூட ரோபோ பார்க்கும்.

'யாரடி நீ மோகினி' (2008) இன்னும் சுவாரஸ்யமான கேஸ். நயன்தாராவின் கீர்த்தி, ஆபீஸில் தனுஷுக்கு மேலே இருப்பவர். திட்டுகிறார், வேலை வாங்குகிறார். அட, பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்கார்கிறோம். உடனே வாசு ராத்திரி முழுக்கத் தனியாளாக உட்கார்ந்து அத்தனை வேலையையும் முடித்துத் தூள் கிளப்புகிறார். நேற்றுவரை வேலையில்லாமல் சுற்றிய பையன்! அதற்குப் பிறகு கதை கிராமத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. கீர்த்தியின் கம்ப்யூட்டர் அறிவுக்கு அங்கே வேலை இல்லை.

இந்த வியாதி நமக்கு மட்டும் வந்ததில்லை. ஹாலிவுட்டில் 1994-ல் 'ஐ.க்யூ.' என்று ஒரு படம். மெக் ரயன் கணித ஆராய்ச்சி மாணவி, ஐன்ஸ்டீனின் மருமகள் முறை. அவரைக் காதலிப்பது ஒரு கார் மெக்கானிக். நல்ல ஜோடிதானே? ஆனால் ஐன்ஸ்டீன் தாத்தாவும் நண்பர்களும் சேர்ந்து அந்த மெக்கானிக்கை ஒரு பெரிய விஞ்ஞானி என்று ஊரை நம்ப வைக்கிறார்கள். புத்திசாலிப் பெண்ணின் பக்கத்தில் சும்மா ஒரு ஆள் நிற்கக் கூடாது, அவளைவிட ஒரு சுற்று பெரிய மூளை இருப்பதாகவாவது காட்டணும். பயம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். இங்கே கொஞ்சம் பச்சையாகச் சொல்வோம். 1992-ல் 'மன்னன்' படத்தில் ஒரு தொழிற்சாலையையே நடத்திய விஜயசாந்தியை, கடைசியில் புருஷனுக்கு டாட்டா காட்டி வேலைக்கு அனுப்பும் இல்லத்தரசி ஆக்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? தியேட்டரே விசிலடித்தது.

வரவுப் பக்கத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 2000-ல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' தபு, குடும்பம் நடுத்தெருவுக்கு வந்ததும் சென்னையில் வேலை தேடி, சாஃப்ட்வேர் கம்பெனியில் சின்ன வேலையில் சேர்ந்து ப்ரோகிராமராக உயர்கிறார். அந்தச் சம்பளத்தில் வீடு ஓடுகிறது. வேலையைப் பிடுங்கினால் அடுப்பு எரியாது. 2015-ல் 'ஓ காதல் கண்மணி' நித்யா மேனன் ஆர்க்கிடெக்ட். அவருடைய பாரிஸ் கனவுதான் காதலுக்கு நடுவில் நிற்கிற சிக்கலே. அதைத் தூக்கிப் போடச் சொல்லாமலே படம் முடிகிறது. அதே நித்யா மேனன் 2025-ல் 'காதலிக்க நேரமில்லை'யிலும் ஆர்க்கிடெக்ட். அவர் எப்படிப்பட்ட பெண் என்பது நமக்குப் புரிகிறது. ஆனால், அவர் வரைந்த ஒரு கட்டடமாவது உங்கள் மனசில் நிற்கிறதா?

இந்த லிஸ்ட்டில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, காதல் காமெடியே இல்லாத ஒரு படம். 'ஏழாம் அறிவு' (2011). ஸ்ருதி ஹாசனின் சுபா ஜெனடிக் இன்ஜினீயரிங் மாணவி. போதிதர்மரின் வம்சாவளியைத் தேடி சர்க்கஸ்காரர் சூர்யாவிடம் வந்து சேர்கிறார். டி.என்.ஏ. விஷயத்தில் படம் விட்டது முழம் முழமாக ரீல். அது இருக்கட்டும். சுபாவின் படிப்பைப் பிடுங்கினால் படம் தொப்பென்று விழுந்துவிடும். அவர் சூர்யாவோடு பழகுவது ஆராய்ச்சிக்காக. சூர்யா அதைக் காதல் என்று நினைத்துக்கொள்கிறார். எவ்வளவு நல்ல காமெடி முடிச்சு! 'நான் உன் கண்ணைப் பார்க்கலை, உன் குரோமோசோமைத்தான் பார்த்தேன்' என்கிற பெண்! படம் அதை என்ன செய்தது? 'பொண்ணு ஏமாத்திட்டா' என்று ஒரு சோகப் பாட்டுப் போட்டது.

*

'வேலையைக் காட்டினா ஜனங்களுக்கு போரடிக்கும் சார்' என்பார்கள் சினிமாக்காரர்கள். அப்படியா? 1964-ல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷின் ஓஹோ புரொடக்ஷன்ஸ் போரடித்ததா? பாலையாவிடம் அவர் கதை சொல்கிற சீன், ஒரு ஆளின் தொழிலிலிருந்து வந்த காமெடிதானே? ஆண்களின் தொழிலில் சிரிப்பு இருக்குமாம், பெண்களின் தொழிலில் மட்டும் தூக்கம் வருமாம்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். தமிழ் சினிமாவின் மிகச் சிறந்த படிப்ஸ் கதாநாயகி 1968-லேயே வந்துவிட்டார். 'தில்லானா மோகனாம்பாள்' பத்மினி! அவர் படித்தது நாட்டியம். சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு நாதஸ்வரம். காதல் எங்கே பிறக்கிறது? மழையிலா, பஸ் ஸ்டாப்பிலா? வித்தையில். நீ பெரியவனா நான் பெரியவளா என்ற போட்டியில். மோகனாவின் காலிலிருந்து சலங்கையைக் கழற்றினால் படமே கிடையாது. வடிவாம்பாளின் புலம்பல், வைத்தியின் தில்லுமுல்லு, அத்தனை காமெடியும் அந்தச் சலங்கையைச் சுற்றித்தான். சலங்கைக்குக் கொடுத்த மரியாதையை மைக்ராஸ்கோப்புக்குக் கொடுக்க முடியாதா, என்ன?

ஹாலிவுட்டிலும் இப்படி ஒன்று உண்டு. 1957-ல் வந்த 'டெஸ்க் செட்'. டி.வி. கம்பெனி ஒன்றில் எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்கிற பிரிவுக்குத் தலைவி காத்தரின் ஹெப்பர்ன். அங்கே கம்ப்யூட்டர் வைக்க வருகிறார் ஸ்பென்சர் ட்ரேஸி. மொட்டை மாடியில் சாப்பிட்டுக்கொண்டே புதிர் மேல் புதிராகப் போடுகிறார். அம்மணி சாண்ட்விச்சைக் கடித்தபடி அத்தனைக்கும் பதில் சொல்கிறார். ட்ரேஸி அங்கேயே அவுட். அவர் மூளையைப் பார்த்துத்தான் விழுகிறார், கண்ணாடியைக் கழற்றிய முகத்தைப் பார்த்து அல்ல.

*

'சினிமாவுல என்ன காட்டினா என்ன சார், பார்த்துட்டு வந்தோமா போனோமான்னு இருங்க' என்கிறீர்களா? எங்கள் பக்கம் ஒரு தடவை வாருங்கள். கலவை, ஆற்காடு, ராணிப்பேட்டை, அந்தப் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி. இப்போது மூன்று மாவட்டமாகப் பிரித்துவிட்டார்கள், ஆனால் தோல் வாசனைக்கு மாவட்ட எல்லை தெரியாது. விடிந்தும் விடியாமலும் ஷூ கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாக நின்று ஆள் ஏற்றும். உள்ளே பெரும்பாலும் பெண்கள். கட்டிங், ஸ்டிச்சிங், குவாலிட்டி செக்கிங் என்று உலகம் முழுக்கப் போகிற ஷூ இவர்கள் கைபட்டுத்தான் போகிறது. பக்கத்திலேயே கெமிஸ்ட்ரி படித்துவிட்டு லேபில் வேலை பார்க்கிற பெண்கள். தோல் என்றால் கெமிஸ்ட்ரிதான். குரோமியம் உப்பு தோலுக்குள் போய் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. அதனால்தான் தோல் அழுகுவதில்லை. இதையே அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்தன. இந்தப் படிப்புக்கென்று சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-லிருந்து இருக்கிறது.

இந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. தண்ணீரைப் பரிசோதிக்கிற லேபில் வேலை. கல்யாணம் நிச்சயமானது, வேலையை விட்டுவிட்டாள். ஏன் என்று அவள் அம்மாவைக் கேட்டேன். "பொண்ணு படிச்சிருக்கணும்னுதாங்க கேட்டாங்க. வேலைக்கு அனுப்புவோம்னு சொல்லலையே" என்றார், ரொம்ப சாதாரணமாக. பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் எம்.எஸ்ஸி. என்று போட்டிருந்தார்கள். சினிமா ஐ.டி. கார்டு மாதிரியே. இன்ட்ரடக்ஷன் சீனுக்கு மட்டும்.

இதே ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் சொன்னதால் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனதைப் பார்த்து, டாக்டருக்குப் படிக்க அமெரிக்கா போனார். 1900-ல் திரும்பி வந்து வேலூரில் மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார், 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செடிகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற ஜானகி அம்மாளும் அப்படியே. 1940-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, இந்தியாவின் முதல் பெண் இன்ஜினீயர்களில் ஒருவரான ஏ.லலிதாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு விதவையான பிறகுதான் அவர் இன்ஜினீயரிங் படிக்கப் போனார்.

புரிகிறதா? படிப்பா, குடும்பமா, ஏதாவது ஒன்றுதான் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. காதல் காமெடி என்கிற சரக்கு விற்பதே 'இரண்டும் கிடைக்கும்' என்ற சந்தோஷத்தைத்தான். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் ஷூ கம்பெனிப் பெண் தன் சம்பளத்தில் டிக்கெட் வாங்குகிறாள். ஹீரோவுக்கு இரண்டும் கிடைக்கிறது. அவளுக்குக் காதலை மட்டும் கொடுத்து, வேலையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்புகிறோம். காசு முழுசாக வாங்கிக்கொண்டு சரக்கைப் பாதி கொடுத்தால் எங்கள் காமர்ஸில் அதற்கு வேறு பேர்.

*

டைரக்டர்களே, கதை பஞ்சமா? இலவசமாக ஒன்று தருகிறேன். ஹீரோ, ஆம்பூர் பிரியாணிக் கடைப் பையன். 'எங்க பாட்டி கைப்பக்குவம்' என்று பரம்பரைப் பெருமை. பெண் பார்க்க வருகிறார்கள். பெண், குடிதண்ணீரைப் பரிசோதிக்கிற கெமிஸ்ட். காபித் தட்டுக்குப் பதில் பேனா மாதிரி ஒரு மீட்டரோடு வருகிறாள். மாப்பிள்ளை வீட்டார் கையோடு கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலில் அதை விட்டுப் பார்க்கிறாள். கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கணும். மீட்டர் எகிறுகிறது. "உங்க பாட்டி கைப்பக்குவம் இல்லைங்க, உங்க கிணத்துத் தண்ணி" என்கிறாள். மாமியார் மயக்கம். பையன் மட்டும் அந்த மீட்டரையே பார்க்கிறான், பிறகு அவளை. கிணற்றை உப்பாக்கியது பையனின் மாமா நடத்துகிற தோல் ஷாப். ரிப்போர்ட்டில் அவள் கையெழுத்துப் போடுவாளா, மாட்டாளா? இதுதான் கிளைமாக்ஸ்.

இது வெறும் கற்பனைச் சண்டை இல்லை. பாலாற்றுக் கழிவு விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியிலும் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக யாரோ ஒருவர் தண்ணீரை அளந்து நம்பரை எழுதியதால்தான் கோர்ட்டில் பேச முடிந்தது. அந்த 'யாரோ'வில் எத்தனை படிப்ஸ் பெண்களோ! அவர்களை ஒரு டூயட் பாட விடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும் லேபுக்குத் திரும்ப விடுங்கள்.

கார்டைக் கழற்றாமலே தாலி கட்டலாம் சார். கழுத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.