தறியும் மின்னூலும்

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியின் உச்சியில் ஒரு பெட்டி இருக்கிறது. துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் சுற்றிவர, எந்த இழை எழவேண்டும், எது படிந்திருக்கவேண்டும் என்பதை அத்துளைகளே முடிவு செய்கின்றன. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1804ஆம் ஆண்டளவில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய கருவி அது. அதைப் பார்த்தே இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் கனவு கண்ட கணிப்பொறிக்கும் துளையட்டைகளைத் திட்டமிட்டார். கணினியின் முன்னோர்களுள் ஒருவரோடு நம் நெசவாளர் நெடுநாளாகவே பழகிவருகிறார் எனலாம். ஆகவே, மின்னூலைப் பற்றி இன்று எழும் முழக்கங்களை எடைபோடக் காஞ்சியின் தறிக்குழி நல்ல இடமே.

அச்சு நூலின் காலம் முடிந்தது என்னும் கூற்று புதிதன்று. திரைப்படம் வளரத் தொடங்கிய 1913இல், பள்ளிகளில் நூல்கள் விரைவில் வழக்கொழிந்துவிடும் என்றார் எடிசன். காகித நூல் இன்னும் ஐந்தாண்டுகளில் மறையும் என்று 2010இல் சொன்னார் அமெரிக்கக் கணினி அறிஞர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே. அந்த ஐந்தாண்டும் கழிந்தது. அதன்பின் மேலும் பல்லாண்டுகள் கழிந்தன. சென்னைப் புத்தகக் காட்சியில் மக்கள் திரள்வதோ நின்றபாடில்லை.

இக்கூற்றுகளின் பிழை எங்கே இருக்கிறது? ஒரு கருவி ஒரு வேலையை எளிதாக்கினால், அது அத்தொழில் முழுவதையும் விழுங்கிவிடும் என்று கணக்கிடுவதில் இருக்கிறது. முன்பு இழைகளைக் கையால் கட்டி உருவாக்கிய புட்டாக்களை ஜக்கார்டு அட்டை ஏற்றுக்கொண்டது. இன்று அவ்வுருக்களைக் கணினித் திரையிலேயே வரைகிறார்கள். ஆயினும், உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாக மூன்று நாடாக்களைக் கொண்டு பிணைக்கும் கோர்வை நெசவுக்கு, கைத்தறியில் நெசவாளரோடு துணையாள் ஒருவரும் வேண்டியிருக்கிறது. கருவி வந்தது; கை போய்விடவில்லை.

மின்னூலின் நன்மையை மறுப்பது நம் நோக்கமன்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் நம் இலக்கியங்களை உலகெங்கும் இலவசமாகக் கொண்டுசேர்த்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஈடற்ற ஏடுகள் சாம்பலாயின. 2005இல் தோன்றிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்க்க முனைந்ததன் அருமை அதை எண்ணும்போது விளங்கும். பார்வை மங்கிய முதியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார்; பார்வையற்றவர் நூலைக் காதால் கேட்கிறார். இவை சிறிய பேறுகள் அல்ல.

ஆனால், ‘மின்னூல் அழியாது’ என்று ஒருவர் அடித்துச் சொல்லும்போது நாம் தயங்குகிறோம். தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறை கொண்டிருந்தது. 1999இல் தமிழக அரசு இரண்டு முறைகளை அறிவித்தது. 2010இல் ஒருங்குறிக்கு மாறியது. மாற்றம் நன்மைக்கே. எனினும், அக்காலத்தில் நாம் கணினியில் தட்டச்சு செய்து நெகிழ்வட்டில் சேமித்த கட்டுரைகளை இன்று திறக்க வழியில்லை. வட்டைப் படிக்கும் பொறி இல்லை. பொறி கிடைத்து நகலெடுத்தாலும் திரையில் தோன்றுவது பொருளற்ற குறிகளே. அதே கட்டுரைகளின் அச்சுத் தாள்கள் பழுப்பேறிய நிலையிலும் நம்மோடு பேசுகின்றன. குறை கணினியினுடையது மட்டுமன்று. அவ்வப்போது படியெடுக்கத் தவறிய நம்முடையதும்தான்.

‘வாங்கிய நூல் உங்களுடையது’ என்பதும் அப்படியே. 2009இல் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் காரணமாக, வாசகர் வாங்கியிருந்த ஆர்வெல்லின் நாவல்களை அவர்களுடைய கருவிகளிலிருந்தே நீக்கியது. அவற்றுள் ஒன்று, ஆட்சியாளர் பழைய ஆவணங்களை அழித்தொழிக்கும் கதையான ‘1984’. 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது பணம் திரும்பியது, நூல்கள் மறைந்தன. நம் வீட்டு அலமாரியிலிருந்து விற்றவர் வந்து எடுத்துச் செல்லக்கூடிய பொருளை உடைமை என்பது எங்ஙனம்?

1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்டது. அதன் பிரதி ஒன்று இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதைப் படிக்க மின்சாரம் வேண்டா. கண்ணும் தமிழறிவும் போதும். ஆனால் அந்தத் தாளும் தானாகப் பிழைத்துவிடவில்லை. தலைமுறைதோறும் யாரோ ஒருவர் பேணினார். ஓலைச் சுவடி செல்லுக்கு இரையாகுமுன் அதைப் புதிய ஓலையில் எழுதிவைத்தவரும் அத்தகையவரே. பழந்தமிழ் நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையரும் அத்தகையவரே. எழுத்தைக் காத்தவை கைகள். ஓலையும் தாளும் மின்வட்டும் அக்கைகள் பற்றிய கருவிகள்.

‘எல்லாம் கணினியில் கிடைக்கிறதே’ என்று சொல்லிப் பழைய நூல்களையும் மலர்களையும் எடைக்குப் போடும் வழக்கம் சிறு நூலகங்களிலும் பங்குத்தளங்களிலும் பரவிவருகிறது. அவ்வாறு செய்யுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். இந்நூல் உண்மையிலேயே மின்வடிவில் இருக்கிறதா? அதை யார் பேணுகிறார்? பத்தாண்டு கழித்துத் திறந்து பார்க்கும் பொறுப்பு யாருடையது? மூன்றுக்கும் விடை கிடைக்காதவரை, அந்நூல் அலமாரியிலேயே இருக்கட்டும்.