பசி இல்லாத பக்கங்கள்

உடல் எடையைக் குறைக்கும்பொருட்டு உணவைச் சுருக்கியோர் எழுதிய நூல்களை ஓராண்டுக் காலமாக வாசித்து வருகிறேன். இலக்கிய ஆர்வமே காரணம் என்று சொன்னால் அது பொய்யாகும். பருமனும் சர்க்கரை நோயும் கைகோத்துவிட்டன என்று கூறி மருத்துவர் எழுதித் தந்த உணவுப் பட்டியல் ஒன்று என் மேசைக் கண்ணாடியின் கீழ்க் கிடக்கிறது. நாளொன்றுக்கு 1,400 கலோரி; இரவுக்கு இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் காய்கறிக் கூட்டும். பகலில் அதற்குக் கீழ்ப்படிவது எளிது. வீடு உறங்கியபின், இரவு பதினொரு மணிக்கு, ஓசைப்படாமல் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தவன் மறுநாள் காலையில் எந்த முகத்தோடு அப்பட்டியலை நோக்குவான்? அந்த வெட்கத்துக்கு மருந்து கிடைக்குமா என்று தேடியே இந்நூல்களிடம் சென்றேன். அவற்றுள் மூன்றைப் பற்றி இங்கே எழுதத் துணிகிறேன்.

முதலாவது, வெனிஸ் நாட்டுச் செல்வர் லூயிஜி கொர்னாரோ அளவான வாழ்வைப் பற்றி எழுதிய உரை. பதுவை என்றதும் நம்மவர்க்குப் புனித அந்தோனியாரே நினைவுக்கு வருவார். கொர்னாரோ வாழ்ந்ததும், தம் உரையை 1558இல் அச்சேற்றியதும், 1566இல் மறைந்ததும் அப்பதுவையில்தான். இயேசு சபைக் குருவாகிய லெஸ்ஸியுஸ் அதனை விரும்பி இலத்தீனில் பெயர்த்து, 1613இல் தம் நூலோடு சேர்த்து வெளியிட்டார். அதன்பின் ஐரோப்பிய மொழிகளில் அது பெற்ற பதிப்புகள் மிகப் பல.

மிதமிஞ்சிய விருந்துகளால் நாற்பது வயதுக்குள்ளேயே உடல் கெட்டுப்போன கொர்னாரோ, மருத்துவர் சொற்படி நாளுக்கு 12 அவுன்ஸ் உணவும் 14 அவுன்ஸ் திராட்சை இரசமும் என்று வரையறுத்துக்கொண்டார். முதுமையில் உற்றாரின் வற்புறுத்தலுக்கு இணங்கி இரண்டிலும் இவ்விரண்டு அவுன்ஸ் கூட்டினார். சில நாள்களிலேயே மனச்சோர்வும் சினமும் மூண்டன, காய்ச்சலும் கண்டது. பழைய அளவுக்குத் திரும்பியபின்னரே பிழைத்தாராம். இப்பகுதியை அவர் சுவைபடச் சொல்லியிருக்கிறார். எஞ்சியதெல்லாம் ஒரே பாட்டு: நான் துணையின்றிக் குதிரை ஏறுகிறேன், படிகளில் தளராமல் ஏறுகிறேன், நன்கு உறங்குகிறேன். அடுத்தடுத்து எழுதிய உரைகளிலும் இதே பெருமிதம். வயதைக்கூட ஏற்றிச் சொன்னார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இவருக்கு ஒரு நாளாவது பசித்ததா? நூலில் விடை இல்லை. நம் ஔவையார் நல்வழியில் வயிற்றை நேரே விளித்து முறையிடத் தயங்கவில்லை. பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்த ஆண்டவருக்குப் பின்னர்ப் பசியுண்டாயிற்று என்று எழுத மத்தேயுவும் தயங்கவில்லை. இறைமகனுக்கு இழுக்காகாத பசி ஒரு வெனிஸ் செல்வருக்கு மட்டும் எப்படி இழுக்காயிற்று? ஓரிடத்தில் மட்டும் அவர் தம்மை அறியாமல் அகப்பட்டுக்கொள்கிறார். வெறும் ரொட்டி தமக்கு அத்துணை இனிப்பதாகவும், அதை உண்பது தேவை என்று அறியாதிருந்தால் போசனப்பிரியத்துக்கு இடங்கொடுத்துவிட்டதாக அஞ்சியிருப்பேன் என்றும் சொல்கிறார். வயிறு நிறைந்தவன் ரொட்டியைப் பற்றி இப்படி எழுதமாட்டான். நூலில் எனக்கு உவப்பான இடமும் அதுவே.

இரண்டாவது நூலாசிரியர் இலண்டன் மாநகரின் வில்லியம் பேன்டிங். அரச குடும்பத்தார் இறுதிச் சடங்குகளை நடத்தித் தரும் தொழில் செய்த குடும்பத்தவர். 1863இல் பருமன் பற்றிப் பொதுமக்களுக்கு எழுதிய கடிதமாக ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டு, முதற்பதிப்புகளை இலவசமாகவே வழங்கினார். ஐந்தடி ஐந்தங்குல உயரமும் 202 இராத்தல் எடையும் கொண்ட அவரால் குனிந்து காலணி நாடாவைக் கட்ட இயலவில்லை. மாடிப்படியில் பின்புறமாகவே இறங்கினார். படகு வலித்துப் பார்த்தார். உடல் வலுத்தது, கூடவே பசியும் வலுத்தது. ஆகவே அதை விட்டுவிட்டார். காது மந்தமென்று வில்லியம் ஹார்வி என்னும் மருத்துவரிடம் சென்றபோதுதான் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தவிர்க்கும்படி அறிவுரை கிடைத்தது. ஏறத்தாழ ஓராண்டில் 46 இராத்தல், நம் கணக்கில் 21 கிலோ, குறைந்தார்.

கொர்னாரோவிடம் இல்லாத ஒன்று இவரிடம் உண்டு, அதுதான் வெட்கம். பொது வண்டிகளிலும் தெருவிலும் பருமனானவர் கேட்க நேரும் ஏளனச் சொற்களை அவர் மறைக்காமல் எழுதுகிறார். அந்த வரிகளுக்காகவே இப்பிரசுரத்தை மன்னிக்கலாம். மன்னிக்க வேண்டியவையும் பல. மூன்று வேளை இறைச்சி அல்லது மீன், பகலில் இரண்டு மூன்று கிண்ணம் திராட்சை இரசம், படுக்குமுன் விரும்பினால் சாராயம் என்று செல்லும் அப்பட்டியல் எந்தத் தமிழ் அடுக்களைக்கும் ஏற்றதன்று. ஆயினும் ஒரு நீதி செய்ய வேண்டும். உண்ணும் அளவைப் பசிக்கே விட்டுவிடலாம், உணவின் வகையே முக்கியம் என்று அவர் சொன்னதில் பொருள் உண்டு. புரதம் மிகுந்த உணவு பசியை நெடுநேரம் தணிப்பது இன்று அறியப்பட்ட செய்தி. பேன்டிங்குக்கு உண்மையிலேயே அதிகம் பசித்திராமல் இருக்கலாம். தேதியிட்டு எழுதிய எடைக் கணக்கு அவர் ஊக்கத்தைக் காத்தது என்றும் தோன்றுகிறது. அந்த அட்டவணையில் எடை குறைந்துகொண்டே செல்கிறது. என் வீட்டு எடைப்பொறிக்கு அந்த ஒழுக்கம் இல்லை.

மூன்றாவது, வாசிப்பதற்கென்று எழுதப்படாத நூல். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்செல் கீஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1950இல் இரு தொகுதிகளாக, 1,385 பக்கங்களில் வெளியிட்ட மனிதப் பட்டினியின் உயிரியல். போரினால் பட்டினியுற்ற ஐரோப்பிய மக்களுக்கு எப்படி உணவூட்டி மீட்பது என்று அறிவதற்காக, மனச்சான்றின்படி ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து பட்டினியை ஏற்றனர். குவேக்கர், மென்னோனைட், பிரெதரன் சபையினர் அவர்களுள் பலர். 1945 பிப்ரவரி 12 முதல் 24 வாரங்களுக்கு, பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடியில், நாளுக்குச் சராசரியாக 1,570 கலோரி உணவு. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைகோசு, டர்னிப் கிழங்கு. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அவர்கள் இழந்தனர்.

இந்நூலில்தான் பசி பேசுகிறது. சொற்ப உணவை நீர் கலந்து பெருக்கி மணிக்கணக்கில் உண்டனர், தட்டை நக்கினர், சமையல் நூல்களைச் சேர்த்து வைத்து வாசித்தனர். காப்பியும் சூயிங்கமும் அளவின்றிப் போகவே அவற்றுக்கும் வரம்பு விதிக்க நேர்ந்தது. நட்பு சுருங்கியது, நகைச்சுவை மறைந்தது, எரிச்சல் பெருகியது. சிலர் வெளியே சென்று திருட்டுத்தனமாகத் தின்றனர். அதன்பின் துணையின்றி எவரும் வெளியே செல்லலாகாது என்று விதி செய்யப்பட்டது. நாட்டின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு போரை மறுத்தவர்கள் ஒரு தின்பண்டத்தின் முன் தோற்றனர்!

இவர்களை மன உறுதி அற்றவர் என்று எவர் சொல்லத் துணிவார்? இவர்களைவிட உயர்ந்த நோக்கம் எடை குறைப்பவர் எவருக்கு உண்டு? அந்நோக்கம் அவர்களுடைய பசியை ஓர் இம்மியும் குறைக்கவில்லை. பசித்தபடியே அங்கு இருந்துவிட அவர்களுக்குத் துணை நின்றது, அவ்வளவே. 36 பேரில் 32 பேர் இறுதிவரை நின்றனர். கொர்னாரோவிடமும், அவர் வழிவந்த இன்றைய எடை குறைப்பு நூல்களிடமும் எனக்குள்ள வழக்கு இதுதான். உறுதி இருந்தால் பசிக்காது என்று அவை வாசகனை நம்பவைக்கின்றன. பசித்ததும் அவன் தன்னை இழிந்தவனாகக் கருதுகிறான். நம்மவருள் சிலர் இதையும் ஆன்ம சோதனையில் சேர்த்துக்கொண்டு, பட்டியலை மீறியதைப் போசனப்பிரியம் என்று எண்ணி மருகுகின்றனர். பசியும் பெருந்தீனியும் ஒன்றல்ல என்று சொல்ல ஓர் ஆசிரியருக்கு இறையியல் தேவையில்லை. தம் மூன்றாம் நாள் இரவை நேர்மையாக எழுதினால் போதும்.

கீஸின் நூலிலும் குறை உண்டு. அம்மனிதரின் நாட்குறிப்புகளைத் துணுக்குகளாக நறுக்கி அட்டவணைகளுக்கு நடுவே செருகிவிட்டார். ஒரு முழுப் பக்கமாவது ஒருவர் குரலில் கேட்க மனம் ஏங்குகிறது. போர் 1945இலேயே முடிந்துவிட, பெருநூல் வெளிவர ஐந்தாண்டு சென்றது. உதவிப் பணியாளர்க்கென ஒரு சிறு கையேடு மட்டும் 1946இல் வந்தது. தவிரவும், அவ்விளைஞர்கள் பருமனானவர் அல்லர். மெலிந்தவர் பசியை என் போன்றவர் பசியோடு ஒப்பிடுவது தகுமா என்ற ஐயம் நெடுநாள் எனக்கு இருந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு அதை ஓரளவு தீர்த்தது. பருமனான 50 பேர் பத்து வாரம் கடுமையாக உணவைக் குறைத்தனர். ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் பசியைத் தூண்டும் சுரப்பு மிகுந்தும், தணிக்கும் சுரப்புகள் குறைந்தும் இருந்தன. அவர்களும் முன்னிலும் அதிகமாகப் பசிப்பதாகவே கூறினர். இழந்த எடையை மீட்க உடல் ஓராண்டுக்குப் பின்னும் போராடுகிறது என்பது இதன் பொருள்.

இச்செய்தி சோர்வு தரும் என்று சிலர் கருதலாம். எனக்கு அது ஆறுதலாயிற்று. பானையின் முன் நின்றவன் கயவன் அல்லன் என்று தெரிந்தது. அந்தத் துணிவில்தான் அதுவரை மறைத்து வந்ததை என் துணைவியாரிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை, மூடியின் ஓசை அவருக்கு நெடுநாளாகவே கேட்டிருந்ததாம்.

வாங்க விரும்புவோர்க்கு ஒரு சொல். பேன்டிங்கின் பிரசுரம் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். ஏளனத்துக்கு ஆளானவர் அதைக் கட்டாயம் வாசிக்கலாம். கொர்னாரோவை உண்டபின் வாசிப்பது நலம். கீஸின் தொகுதிகளை மருத்துவக் கல்லூரி நூலகங்களில் தேடிப் பார்க்கலாம். உளவியல் பகுதியை மட்டும் படித்தால் போதும். மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளும் சர்க்கரை நோயாளர் இம்மூவரில் எவரையும் பார்த்துத் தம் உணவைத் தாமே குறைத்துக்கொள்ள வேண்டா. நான் மருத்துவரிடம் திரும்பச் சென்று, இரவில் பசிக்கிறது என்று முதன்முறையாக ஒப்புக்கொண்டேன். அவர் பட்டியலை வாங்கி, மாலைச் சிற்றுண்டியில் சிறிது குறைத்து, இரவுக்கு அவித்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடியும் ஒரு குவளை நீர்மோரும் சேர்த்து எழுதினார். இப்போது பதினொரு மணிக்கு அவ்விரண்டும் அடுக்களை மேடையில் மூடி வைக்கப்பட்டிருக்கின்றன.