ஏற்றுமதி மண்டலங்களின் வெற்றியை அளத்தல்: பீட்டர் வாரின் நன்மை–செலவுக் கணக்கு குறித்த ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: சிறப்புப் பொருளாதார மண்டலம், நன்மை–செலவுப் பகுப்பாய்வு, உள்நாட்டுப் பிணைப்பு, பத்தான், மாசான், பினாங்கு

சிறப்புப் பொருளாதார மண்டலம் வென்றதா தோற்றதா என்னும் வினாவிற்கு அரசுகள் பெரும்பாலும் ஏற்றுமதித் தொகையையே விடையாகக் காட்டுகின்றன. அத்தொகை விடையாகாது என்பதை எண்களால் நிறுவியவர்களுள் ஆஸ்திரேலியப் பொருளியலாளர் பீட்டர் வார் முதன்மையானவர். இந்தோனேசியா, தென்கொரியா, மலேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நான்கு நாடுகளின் ஏற்றுமதி மண்டலங்களை 1980களில் தனித்தனியே ஆராய்ந்த அவர், 1989-இல் உலக வங்கியின் ஆய்விதழில் அவற்றை ஒப்பிட்டு எழுதினார். அவ்வொப்பீட்டின் வலிமையும் குறையும் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

வாரின் அணுகுமுறை எளியது. மூலப்பொருள் வெளியிலிருந்து வருகிறது. பண்டம் வெளியே செல்கிறது. இலாபமும் பெரும்பாலும் வெளியேறுகிறது. எனவே ஏற்றுமதியின் மொத்த மதிப்பு நாட்டின் வருவாய் ஆகாது. தொழிலாளர் வேறிடத்தில் ஈட்டியிருக்கக்கூடியதைவிட மிகுதியாகப் பெறும் கூலி, அரசுக்கு வந்து சேரும் அந்நியச் செலாவணி, வரி, உள்நாட்டில் வாங்கப்படும் உள்ளீடுகள் ஆகியனவே நன்மைகள். உள்கட்டமைப்புக்கும் நிருவாகத்துக்கும் அரசு செலவிடுவதும், சலுகை விலையில் வழங்குவதும் எதிர்ப்பக்கத்தில் நிற்கும்.

இக்கணக்கில் இழப்பைக் காட்டியது பிலிப்பைன்ஸின் பத்தான் மண்டலம் மட்டுமே. மணிலா விரிகுடாவின் மறுகரையில், மலையடிவாரத்து ஊரான மரிவேலெஸ் அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பின்தங்கிய பகுதியை வளர்க்கும் நோக்கம் நல்லதாயினும், நகருக்கு அருகில் ஏற்கெனவே இருந்த வசதிகளை எல்லாம் அங்குப் புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று. சாலை, துறைமுகம், நீர், குடியிருப்பு என்று அரசு பணத்தைக் கொட்டியது. அதனினும் கொடிது கடன் ஏற்பாடு: மண்டல நிறுவனங்கள் உள்நாட்டிலேயே சலுகை வட்டியில் கடன் பெற்றன. அந்நிய முதலீட்டை ஈர்ப்பதற்காக அமைக்கப்பட்ட மண்டலம் உள்நாட்டுச் சேமிப்பை உறிஞ்சியது. வரிச்சலுகை அங்கும் குறைவின்றி வழங்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. தோல்வியின் வேர் இடத்தேர்விலும் நிதியமைப்பிலும் இருந்தது. இதனைத் தெளிவுறக் காட்டியதே வாரின் நிலையான பங்களிப்பு.

1970-இல் தொடங்கிய கொரியாவின் மாசான் இதற்கு நேர்மாறு. தொடக்கத்தில் அங்கும் உள்நாட்டு உள்ளீடு மிகச் சொற்பம். பத்தாண்டுக்குள் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காயிற்று. மண்டலத்துக்குப் பொருள் வழங்கும் உள்ளூர் நிறுவனங்களுக்கும் ஏற்றுமதியாளருக்குரிய சலுகைகளை அரசு அளித்ததே இதற்கு முக்கியக் காரணம். வாரின் கணக்கில் இம்மாற்றம் பதிவாகிறது.

பினாங்கில்தான் அக்கணக்கு தடுமாறுகிறது. 1969-இல் சுங்கமற்ற துறைமுக நிலையை இழந்து வேலையின்மையால் வாடிய அத்தீவில், பாயான் லெப்பாஸ் மண்டலம் 1972-இல் தொடங்கியது. இன்டெல் அவ்வாண்டே வந்தது. வாரின் ஆய்வு நன்மையைப் பெரும்பாலும் வேலைவாய்ப்பிலேயே கண்டது. உள்ளூர்ப் பிணைப்பு மெலிதாகவே இருந்தது. அவர் ஆராய்ந்த காலத்துக்கு அது சரியே. எனினும் பன்னாட்டு ஆலைகளில் பயின்ற பொறியாளர்கள் கருவிகளும் அச்சுகளும் செய்யும் நிறுவனங்களை நிறுவியதும், மாநில அரசும் ஆலைகளும் இணைந்து 1989-இல் திறன் மேம்பாட்டு மையம் தொடங்கியதும் அவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. மண்டலத்தைத் தனித்தீவு என்று முன்கூட்டியே வரையறுக்கும் கணக்கு, அத்தீவிலிருந்து கரையேறும் தொழிலறிவை எந்தப் பத்தியில் எழுதும்?

மற்றொரு குறை கூலி பற்றியது. மாற்று வேலையின் கூலியைவிடச் சற்று மிகுதியாகக் கிடைத்தாலே அது நன்மையாகக் கொள்ளப்படுகிறது. பினாங்கின் மின்னணு ஆலைகளில் நுண்ணோக்கியின் முன் நாள் முழுதும் அமர்ந்த இளம்பெண்களின் கண் தேய்மானமும், அத்துறையில் தொழிற்சங்கம் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்ததும் அக்கணக்கில் விலை பெறவில்லை. பத்தானில் 1982-இல் தொழிலாளர் பெருந்திரளாக வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி, உழைப்புநிலை பற்றிய தகராறு ஆலையின் இயக்கத்தையே நிறுத்தக்கூடும் என்றால், அது பொருளியலுக்குப் புறம்பான செய்தியன்று.

1965-இலேயே காண்ட்லாவில் ஆசியாவின் முதல் ஏற்றுமதி மண்டலத்தை அமைத்த இந்தியாவிற்கு இவ்விவாதம் அயலானதன்று. உள்நாட்டு விற்பனையாளர் மண்டலத்துக்கு விற்பதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுமதியாகவே கருதுகிறது. மாசானில் பயன்பட்ட கருவி சட்டநூலில் இருக்கிறது என்றே கூறலாம். ஆயினும் வணிக அமைச்சகம் முன்னிறுத்தும் எண்கள் முதலீடு, வேலைவாய்ப்பு, ஏற்றுமதி என்னும் மூன்றே. மண்டல நிறுவனங்களின் உள்ளீடுகளில் உள்நாட்டில் வாங்கப்பட்டவை எத்தனை விழுக்காடு என்னும் எண் அவற்றோடு சேர்ந்து வருவதில்லை.